மஞ்சள் யானைப் பை

உலு திராம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு ஜெரால்டின் அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. முதலில் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டுதான் மற்றதை எழுதுகிறேன். உன் பக்கத்துக் கட்டில் சிஸ்டருக்கு வேண்டாம், மதருக்கு வேண்டவே வேண்டாம். யாராவது கேட்டால் வீட்டிலிருந்து மாதக் கடிதம் வந்திருக்கிறது என்று சொல், அது பொய் ஆகாது, வீட்டிலிருந்துதானே வருகிறது. அம்மாவுக்கும் நான் எழுதுவது தெரியாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து எழுதுகிறேன். நாளைக் காலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இனி வழக்கம்போல் சுகச் செய்தி. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே ஐந்து பேருக்கும் குறை ஒன்றும் இல்லை, கூச்சிங்கில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு மணியை உனக்காகத் தள்ளுகிறோம். அப்பா வியாழக்கிழமை கிளந்தானுக்கு லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர், செவ்வாய்தான் திரும்புவார். பிரவீனாவுக்குக் கடைவாய்ப் பல் வருகிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள், போன வாரம் என் சரித்திர நோட்டின் மூலையைக் கடித்து எல்லாப் பக்கத்திலும் பல் பதித்துவிட்டாள். அந்தப் பல் தடத்தை நினைவில் வைத்துக்கொள், பிறகு வரும். ஜோனதன் உன்னை இன்னமும் சிஸ்டர் அக்கா என்றுதான் சொல்கிறான். கோயிலில் வெள்ளை உடுப்புப் போட்ட சிஸ்டர் யாரைப் பார்த்தாலும் ‘எங்க அக்கா உங்க வீட்லயா இருக்காங்க’ என்று கேட்டு எங்கள் மானத்தை வாங்குகிறான். நான் படிக்கிறேன். எஸ்.பி.எம். சோதனைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, கணக்கு மட்டும் கொஞ்சம் உதைக்கிறது.

உன்னிடம் போன் இல்லாததால் இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடி நான்கு மாதம் ஆகிவிட்டது. அம்மா அதை உனக்கு எழுதவில்லை, உன் செபம் கலையும் என்றார். இப்போது சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் ரொட்டி பேக் செய்கிற வேலை கிடைத்திருக்கிறது, பெர்மிட்டும் வந்துவிட்டது, நாளைக்குத்தான் முதல் நாள். தொழிற்சாலை பஸ் பெரிய ரோட்டில் காலை நான்கரைக்கு நிற்கும், திரும்பி வந்து சேர இரவு எட்டு ஆகும். நான் பள்ளி முடிந்து வீட்டுக்கு வரவே மூன்றாகும், டியூஷன் இருந்தால் ஐந்து. அதனால் சின்னதுகள் இரண்டையும் எங்கே விடுவது என்பதுதான் ஒரு மாதமாக இந்த வீட்டில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஓடிய ஒரே பேச்சு.

பிள்ளை பார்த்துக்கொள்கிற வீடு நம் தாமான் குடியிருப்பில் இல்லாமல் இல்லை. சிக்கல் ஜோனதனுடைய இழுப்பு. நீ போவதற்கு முன்பு ஒரு தடவை காய்ச்சலில் கண் செருகி உடம்பு வெட்டி இழுத்ததே, அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. கடைசியாக வந்தது பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்தில், நான்தான் அவனை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். டாக்டர் பயப்படவேண்டாம் என்றார், காய்ச்சல் ஏறும்போது மட்டும் வருவது, ஆறு வயதுக்குள் தானாக நின்றுவிடும், வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது பிள்ளையை வைத்திருப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்றார். ஆனால் அம்மா இதைச் சொன்ன இரண்டு வீட்டிலும் கதவு மூடிக்கொண்டது. முதல் வீட்டு அம்மா கேட்டதுமே தண்ணீர் குடித்தார், ‘எனக்கே பிரஷர் இருக்கு லா’ என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டில் சரி என்று சொல்லி, மறுநாள் போன் செய்து ஊருக்குப் போகிறோம் என்றார்கள், அவர்கள் இன்னும் போகவில்லை, நேற்றுகூடக் கடையில் பார்த்தேன். மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் மூலைவீட்டு ராஜம்மா ஆன்ட்டி. அவர் வீட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், ‘இழுப்பப் பத்தி மூச்சு விடாத. இந்த வீடும் போச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல’ என்றார்.

வேறு வழி என்னவென்று எனக்குத் தெரியும். போன புதன்கிழமை அம்மா உனக்கு ஒரு கடிதம் எழுதினார். விலாசம் எழுதி ஸ்டாம்ப்பும் ஒட்டிய கவரைப் பிரிட்ஜ் மேலே மாதா சுரூபத்துக்கு அடியில் செருகிவைத்தார், கடிதத்தைக் கவருக்குள் போடாமல் பக்கத்திலேயே மடித்து வைத்திருந்தார். நான் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். ராஜம்மா ஆன்ட்டி வீடும் சரிப்பட்டு வராவிட்டால் நீ மடத்தை விட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ரூபினியின் சோதனை முடியும் வரைக்குமாவது வா என்று எழுதியிருந்தார். அந்த வரி மட்டும் இரண்டு தடவை அடித்து மறுபடி எழுதப்பட்டிருந்தது. கன்னியர் பயிற்சியின் நடுவில் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதனால் ராஜம்மா ஆன்ட்டி முன்னால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல மாதிரி, அக்கா. பெரிய குரல், ஆனால் பிள்ளைகளிடம் பேசும்போது குரல் இறங்கிவிடும். ஏற்கெனவே நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், நம்முடையதோடு ஆறு. ஜோனதனுக்கு எது பிடிக்கும், பிரவீனா எப்படித் தூங்குவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரவீனா அம்மாவின் பழைய சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்று அம்மா சொன்னதும், ‘அப்ப துவைக்காத சட்டையாக் குடுங்க, வாசம் இருக்கணும்’ என்றார். கடைசியில், ‘ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?’ என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். நாளைக்கு அந்த வீட்டில் காய்ச்சல் வந்து, ஒன்றும் தெரியாத அந்த ஆன்ட்டி அவன் வாயில் கரண்டியை வைத்துவிட்டால்?

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. சரித்திர நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பச்சைப் பேனாவால் எழுதினேன். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் இழுப்பு வரலாம், பயப்படாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து கொடுக்கவேண்டாம், அதனால் நிற்காது, கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்கள், தயவுசெய்து முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று எழுதினேன். அம்மாவுக்குப் பயந்து என் பெயரும் போடவில்லை, ஜோனதன் பெயரும் போடவில்லை. அவன் பையில் இருந்தால் அவனைப் பற்றி என்று தெரியாமலா போகும் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த தப்பு.

நேற்று சனிக்கிழமை ஒத்திகை. திங்கட்கிழமை எப்படியோ அப்படியே ஒரு தடவை விட்டுப் பார்ப்போம் என்று அம்மாதான் சொன்னார். சிங்கப்பூருக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள், தெரியும்தானே. நாலே காலுக்கு அம்மா பிரவீனாவைத் தோளில் போட்டுக்கொள்ள, நான் ஜோனதனைத் தூக்கிக்கொண்டேன், பை இரண்டும் என் முழங்கையில். அவன் பாதி வழியில் ஒரு கண்ணைத் திறந்து, ‘சிங்கப்பூர் வந்துட்டமா?’ என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். ராஜம்மா ஆன்ட்டி வீட்டில் விளக்குப் போடமாட்டார், வருகிற பிள்ளைகள் முழித்துக்கொள்ளும் என்று சாமி மேடையில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே பை, அக்கா! பால் மாவு டின் இரண்டு வாங்கினால் சும்மா கொடுக்கிற அந்த நீலப் பை, முன்னால் மஞ்சள் யானை போட்டது. இந்தத் தாமானில் பால் குடிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பைதான் போல. பிரவீனா பையை வைத்துவிட்டு, கடைசியில் ஜோனதன் பையை வைத்தேன். அவனை உள்ளே பாயில் படுக்கவைத்து, கைலியைப் போர்த்திவிட்டு வந்தேன். அம்மா உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது கடைசிப் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து தாளைச் செருகிவிட்டேன். நான் உள்ளே இருந்த நேரத்தில், அம்மா போகப்போகிற அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிற கஸ்தூரி ஆன்ட்டி ஓடிவந்து, மகன் செல்வாவைக் கொடுத்துவிட்டு, அவன் பையை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது ராஜம்மா ஆன்ட்டி சிரித்த முகமாக, ‘நல்ல புள்ளைங்க லா, ஒரு சத்தம் இல்ல’ என்றார். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து பார்த்தேன், தாள் இல்லை. அவர் எடுத்துப் படித்துவிட்டார், படித்தும் சரி என்கிறார், அம்மாவிடம் சொல்லாமல் எனக்காக மறைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நேற்று இரவு இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

இன்றைக்குக் காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் அம்மா பிள்ளைகளின் உடுப்பையெல்லாம் நடு ஹாலில் பரப்பி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜோடி என்று அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி இருக்கும், வெளிக் கேட்டில் பூட்டால் தட்டுகிற சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். ராஜம்மா ஆன்ட்டி, அவருக்குப் பின்னால் கஸ்தூரி ஆன்ட்டி, ராஜம்மா ஆன்ட்டி கையில் என் தாள். பிரவீனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். உள்ளே வந்து உட்காரும் முன்பே கஸ்தூரி ஆன்ட்டி தொடங்கிவிட்டார். ‘நேத்து ராத்திரி பூரா நான் கண்ண மூடல, தெரியுமா? எம்புள்ள பையில எம்புள்ளைக்கு இழுப்புன்னு எழுதி வெச்சிருக்கு, பெத்த எனக்குத் தெரியாம! கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரு தொட்டுப் பாக்கிறாரு, இவன் அவரு கழுத்துல தொங்கிற குழாயப் புடிச்சி இழுக்கிறான். இவனுக்கு இருக்கிறது இந்த இழுப்புதான், வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. காலையில ராஜம்மாக்கா கிட்டப் போயி, எம்புள்ளைக்கு என்னத்த மறைச்சீங்கன்னு சண்டை போட்டுட்டு வரேன்!’ ராஜம்மா ஆன்ட்டி, ‘கொஞ்சம் சும்மா இரு கஸ்தூரி, நீ கத்தினதுல எங்கூட்டு மீன்கூட தண்ணிக்கடியில போயிடுச்சு’ என்று அவரை உட்காரவைத்தார். பிறகு அம்மாவிடம் தாளை நீட்டினார். ‘எங்கிட்ட பையன் மூணு பேரு. இவ பையன் இல்ல. இன்னொரு வீட்ல கேட்டேன், இல்லன்னு சத்தியம் பண்றாங்க. மிச்சம் உங்க வீடுதான், இன்பா.’

அம்மா தாளை வாங்கினார். நான் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் கையை மட்டும்தான் பார்த்தேன். தாளின் மூலையில் பிரவீனாவின் பல் தடம் அப்படியே இருந்தது. அம்மாவின் கட்டைவிரல் அந்தத் தடத்தின் மேலே போய் நின்றது. போன வாரம் அந்த நோட்டை அவள் வாயிலிருந்து பிடுங்கியதே அம்மாதான். மேலிருந்து கீழே படித்தார், மறுபடியும் படித்தார். பிரவீனா என் தோளில் எச்சில் வடிய வடியப் பல்லை உரசிக்கொண்டிருந்தாள், எனக்குத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இப்போது அம்மா இல்லை என்று சொன்னால் இந்த வீடு கிடைக்கும், வேலை கிடைக்கும், நீயும் வரவேண்டாம், ஆனால் ஜோனதனைப் பற்றித் தெரியாதவரிடம் அவனை விடவேண்டும். ஆமாம் என்று சொன்னால் எல்லாமே போகும். அம்மா ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று வேண்டினேனா, இல்லை என்று சொல்லவேண்டும் என்று வேண்டினேனா என்பது சத்தியமாக எனக்கே தெரியவில்லை, அக்கா.

அம்மா, ‘எம்மவன்தான்க்கா’ என்றார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, ‘எழுதினது நான்தான். உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லப் பயந்துகிட்டு எழுதி வெச்சேன். இருட்டுல பை மாறிப் போச்சு. கஸ்தூரி, என்ன மன்னிச்சிரும்மா’ என்றார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பெர்மாஸ் ஜெயா விருந்து, டாக்டர் சொன்னது, கதவை மூடிய இரண்டு வீடு, எதையும் விடவில்லை. ‘சொன்னா கதவச் சாத்துறாங்க, சொல்லாட்டி எனக்கு ராத்திரியில மூச்சு முட்டுது. நீங்களும் முடியாதுன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்’ என்றார். கஸ்தூரி ஆன்ட்டி வாயை மூடிக்கொண்டார், அதுவே பெரிய அதிசயம்.

ராஜம்மா ஆன்ட்டி ஜோனதனைக் கூப்பிட்டார். அவன் கையில் பிஸ்கட்டோடு வந்தான். அவனைத் தன் முட்டிக்கு நடுவில் நிறுத்தி, தலையைத் தடவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘அலமாக், இவனா? இவன் எங்கூட்டுல நேத்து ரெண்டு தட்டு சோறு தின்னானே’ என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, ‘அந்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிச்சு, முடியாதுன்னாங்க, அது அவங்க இஷ்டம். எனக்கும் இப்பத் தெரிஞ்சிச்சு, நான் முடியும்ங்கிறேன். தெரியாம எங்கையில வந்து இழுத்திருந்தான்னா, இன்பா, அன்னிக்கோட நான் புள்ளை பாக்கிறதையே விட்டிருப்பேன், உங்களையும் சும்மா விட்டிருக்க மாட்டேன்’ என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆன்ட்டி தாளைத் திரும்ப வாங்கி, எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சத்தமாகப் படித்தார், ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, எந்தப் பக்கம் ஒருக்களிக்கணும், தலைக்கு என்ன வைக்கணும் என்று கேட்டார். சாவிக்கொத்து வரி வந்ததும், ‘நான் மொதல்ல அதத்தான் குடுத்திருப்பேன், போங்க’ என்று சிரித்தார். கடைசியில் அம்மாவிடம் பேனாவைக் கொடுத்து, ‘இதுல பையன் பேர எழுதுங்க, அப்பா பேரோட சேத்து, பெரிசா. என் பிரிட்ஜில ஒட்டப் போறேன். பையிலயும் எழுதுங்க. எல்லாப் பையிலயும் யானைய வெச்சிக்கிட்டு நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?’ என்றார். அம்மா எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு, ‘மேல இருக்கிற எழுத்து ஒரு மாதிரி, நீங்க எழுதுறது ஒரு மாதிரி இருக்கே’ என்றார், சொல்லிவிட்டு நேராகத் திரையைப் பார்த்தார். ‘பரவால்ல. யாரு எழுதினா என்ன, எழுதின புள்ள நல்லா இருக்கட்டும்.’ கஸ்தூரி ஆன்ட்டி போகும்போது ஜோனதன் கன்னத்தைக் கிள்ளி, ‘ஒன்னால எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போச்சுடா’ என்றார், ஆனால் கோபம் இல்லை. நாளையிலிருந்து பஸ்ஸில் அம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பதாகவும் சொன்னார்.

அவர்கள் போனபிறகு அம்மா நேராகப் பிரிட்ஜுக்குப் போய், மாதாவுக்குப் பக்கத்தில் இருந்த, உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்து, பூண்டுத் தோல் கிடந்த குப்பையில் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. நீ வரவேண்டாம், அக்கா. உனக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கவர் மட்டும் ஸ்டாம்ப்போடு பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. அதைத்தான் இந்தக் கடிதத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இன்னும் ஒரு பயம் பாக்கி இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பல் தடத்தைப் பார்த்தபிறகு தெரியாமல் இருக்காது. இருந்தும் சாயங்காலம் முழுவதும் ஒரு வார்த்தை இல்லை. கறுப்பு மார்க்கர் பேனாவால் இரண்டு பையிலும் பெயர் எழுதினார், யானையின் வயிற்றிலேயே எழுதினார், பால் போத்தலில், செருப்பின் அடியில், பிரவீனாவின் தலையணை ஓரத்தில்கூட எழுதினார். துவைக்காத சட்டையை மடித்து வைத்தார். இரவுச் சோறு போடும்போது என் தட்டில் ஒரு மீன் துண்டைக் கூடுதலாக வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சொல் மீறினேன் என்று கோபமா, தன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்று வருத்தமா, தெரியவில்லை. பிள்ளைகளைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார், மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். நாளைக்கும் நான்தான் ஜோனதனைத் தூக்கிப் போவேன். அந்தச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அவனைப் படுக்கவைக்கும்போது இனி எனக்குப் பயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். முட்டி போட்டு முட்டி போட்டு வீங்கிப்போகிறது என்று எழுதியிருந்தாயே, இரவில் தைலம் தேய். எனக்காகவும் கணக்குச் சோதனைக்காகவும் வேண்டிக்கொள். கிழித்துப்போட மறக்காதே.

உன் தங்கை,
ரூபினி

இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எழுதினது நான்தான் என்று அம்மா சொன்னாரே, அப்போது நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் நெஞ்சில் குத்துகிறது. நாளைக்கு அம்மா வேலையிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், காலில் விழுந்தாவது

கதவு தட்டுகிறார்கள். அம்மாதான். ‘ரூபினி, வெளக்கு வெளிச்சம் தெரியுது. கவர ஒட்டிடாத, நானும் ரெண்டு வரி—’


அன்பு மகள் ஜெரால்டினுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது பிரிட்ஜ் மேல் கவரைக் காணவில்லை, இவள் உனக்குத்தான் எழுதுகிறாள் என்று தெரிந்துவிட்டது. இவள் யாருக்கும் காட்டாதே என்று உனக்கு எழுதியிருக்கிறாள், ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டேன், அதனால் பாதி ரகசியம் போய்விட்டது, மீதியை நீ காப்பாற்று. படிக்கிற வரைக்கும் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திட்டவில்லை. திட்ட எனக்கு வாய் ஏது? வேலை கிடைத்த சந்தோஷத்தில் பெற்ற பிள்ளையைப் பற்றியே பொய் சொல்லத் துணிந்தேன். இவள் எழுதியதை நான் எழுதினேன் என்று சொன்னதும் பொய்தான், ஆனால் நான் எழுதியிருக்கவேண்டியதைத்தான் இவள் எழுதினாள், அதனால் அந்த ஒரு பொய்யை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். சாயங்காலம் முழுக்க இவளிடம் பேச வார்த்தை கிடைக்காமல்தான் கண்ணில் பட்டதிலெல்லாம் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பேசிவிட்டோம். கொஞ்சம் அழுதோம், பிள்ளைகள் முழித்துவிடும் என்று சத்தம் இல்லாமல்.

உன்னை வரச்சொல்லி எழுதியது உனக்குத் தெரிந்துவிட்டது, அதை மறந்துவிடு. நீ அங்கேயே இரு மகளே. நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கிற நாளில் நாங்கள் ஐந்து பேரும் விமானம் ஏறி வருவோம், ஜோனதன் உங்கள் மடத்தில் இருக்கிற எல்லாச் சிஸ்டரையும் எண்ணிப் பார்க்கப்போகிறானாம். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, மூன்று மணி நேரமாவது கண்ணை மூடினால்தான் நாளைக்கு ரொட்டியை நேராக அடுக்கமுடியும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நேற்று இருந்த பயம் இல்லை. பிள்ளைகளை யாரிடம் விடுகிறேன் என்று எனக்குத் தெரியும், யாரை வாங்கிக்கொள்கிறேன் என்று அவருக்கும் தெரியும், அது போதும். தலையைத் துவட்டாமல் செபத்துக்கு உட்காராதே. இயேசுவும் மாதாவும் உன்னைக் கண்ணிமைபோல் காக்கட்டும். பதில் போடும்போது கவரின் மேல் என் பெயரோடு உன் தங்கை பெயரையும் சேர்த்து எழுது. பெயர் எழுதாத கடிதத்தால் இந்த வீடு பட்டது போதும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
இன்பராணி சந்தனசாமி